பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவே மாட்டேங்குது, பயமா இருக்கு!

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் வேலைக்காக ஜப்பான்ல, சைதாமாவுல இருக்கோம். பக்கத்து வீட்டுல 80 வயசு அம்மாவும் மகனும். அந்த மகன் நடுராத்திரி கொன்பினிக்கு, அதான் 24 மணி நேரக் கடைக்குப் போறதோட சரி, பகல்ல வெளிய தலை காட்டுறதில்ல. இந்த மாதிரி ஆளுங்கதான் கத்தியோட கிளம்புவாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. 5 வயசுப் பொண்ணு இருக்கா. வீடு மாறிடவா?

பதில்: வேணாம்மா. பொண்ண வச்சிருக்கவங்களுக்கு மனசு பதறத்தான் செய்யும், ஆனா இந்த பயம் 2019ல ஒரு உயிரையே எடுத்துருக்கு. அந்த வருஷம் மே 28, கவாசாகில ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ன பிள்ளைங்களயும் பெரியவங்களயும் 51 வயசு ஆள் ஒருத்தர் குத்தினார், 2 பேர் செத்தாங்க, அவரும் தன்னையே குத்திக்கிட்டு செத்துட்டார். வீட்டுக்குள்ளயே கிடந்தவராம், இப்படி வெளிய வராம முடங்கிக் கிடக்கவங்கள ஜப்பான்ல ஹிகிகோமோரின்னு சொல்வாங்க, டிவில எல்லாம் அதே பேச்சு. 4 நாள் கழிச்சு டோக்கியோ நெரிமாவுல, பெரிய அரசுப் பதவில இருந்து ரிட்டயரான 76 வயசு அப்பா, 44 வயசு மகனைக் கொன்னுட்டார். மகன் அவரை அடிச்சிருக்கார், அதுவும் உண்மைதான், ஆனா அன்னைக்கு பக்கத்து ஸ்கூல் விளையாட்டு விழா சத்தத்துக்கு மகன் கத்தினதும் அப்பாவுக்கு கவாசாகி ஞாபகம் வந்து, இவனும் அப்படி ஏதாவது பண்ணிடுவானோன்னு பயம் வந்துருச்சு. நெனச்சாலே நெஞ்ச அடைக்குது.

அரசாங்கம் 2022ல எடுத்த சர்வேப்படி ஹிகிகோமோரியா இருக்கவங்க சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர். கிட்டத்தட்ட எல்லாருமே யாருக்கும் கெடுதல் பண்ணாம தனக்குள்ளயே புழுங்குறவங்க. 2008ல அகிஹாபராவுல 7 பேரைக் கொன்னவர் வீட்டுக்குள்ள இருந்தவரே இல்ல, கார் ஃபேக்டரில டெம்பரரியா வேலை பார்த்தவர், 3 நாள் முன்னாடி தன்னோட வேலை உடுப்பு இருந்த எடத்துல இல்லன்னதும் வேலையில இருந்து தூக்கிட்டாங்கன்னு நெனச்சு கொதிச்சுட்டார், நாள் பூரா செல்ஃபோன்ல புலம்பி எழுதிட்டே இருந்திருக்கார். அதனால பூட்டின கதவ மட்டும் பாக்காதீங்க, நம்மள யாருமே கண்டுக்கலங்கிற வலி வெளிய திரியிறவங்களுக்கும் இருக்கும்.

ஜப்பான்ல இதுக்கு மேல ‘செகென்தெய்’ வேற, அதாவது ஊர் என்ன சொல்லுமோங்கிற கூச்சம். அதனாலயே பெத்தவங்க உதவி கேக்காம வருஷக்கணக்கா மறைப்பாங்க. அந்தம்மாகிட்ட மகனைப் பத்தி நீங்களா கேக்காதீங்க, வணக்கம் சொல்லுங்க, பழகுங்க. அவங்களே வாய் தொறந்தா ஏரியா மின்செய்-இஇன் கிட்ட, அதாவது அக்கம்பக்கத்துக்கு உதவுற நலத் தொண்டர்கிட்ட பேசச் சொல்லுங்க, ஒவ்வொரு மாநிலத்துலயும் ஹிகிகோமோரி உதவி மையமும் இருக்கு. அடிதடி, அலறல் கேட்டா மட்டும் யோசிக்காம போலீஸுக்கு 110 அடிங்க.

உங்க தெருவுல வீடு வீடா கைமாறுற அந்த நோட்டீஸ் அட்டை, கைரான்பான், அதை இனிமே அவங்க வாசல்ல வச்சுட்டு வராம பெல் அடிச்சு கையில குடுங்க, பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க.