கெட்டமின் சிகிச்சை பாதுகாப்பானதா?

கேள்வி: மருந்துகளை மாற்றிப் பார்த்தும் என் அண்ணனின் மனச்சோர்வு தீரவில்லை. கெட்டமினை நரம்பு வழியே ஏற்றலாம் என்கிறார் மருத்துவர். மயக்க மருந்தை இதற்குத் தரலாமா?

பதில்: தரலாம்; தங்கள் அச்சமும் இயல்பானதே. மயக்கத்துக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில், பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம், சுமார் 40 நிமிடங்களில் மெதுவாக ஏற்றும்போது, மூளை நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு மாறி, வழக்கமான மாத்திரைகள் பல வாரங்களுக்குப் பிறகே தரும் தெளிவு சிலருக்குச் சில மணி நேரத்திலேயே கிட்டுகிறது. ஒருமுறை ஏற்றியதன் பலன் பெரும்பாலும் சில நாட்களே நிற்கும் என்பதால், பலமுறை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது இரத்த அழுத்தம் உயரலாம். உடலைவிட்டு விலகி நிற்பது போன்ற உணர்வும் வரலாம். ஆகவே, மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அண்ணனுக்கு மனப்பிறழ்வோ போதைப் பழக்கமோ முன்பு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து ஏற்றும் நாளன்று அவர் வண்டி ஓட்டக் கூடாது. தாங்கள் உடன் செல்லுங்கள்.