தூண்டிலுக்கு ஈயக்குண்டு நானே வார்க்கலாம் என்றிருக்கிறேன், மலிவாகப் பழைய ஈயம் எங்கே கிடைக்கும்?

பாறையிடுக்கில் தூண்டில் போடுகிறவர் போலிருக்கிறது. ஒரே நாளில் நாலைந்து குண்டு அறுந்து போகும் எரிச்சலில்தான் நானும் வார்க்க ஆரம்பித்தேன்.

வீல் பேலன்சிங் செய்யும் டயர் கடையில், சக்கரம் ஆடாமல் சுழல அதன் விளிம்பில் மாட்டும் சின்ன எடைகளில் கழற்றிப் போட்டதைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குப்பை விலைக்கே தருவார்கள். கூரையிலிருந்து உரித்த ஈயத்தகடு, பழைய வீடு இடிக்கும்போது வரும் ஈயக்குழாய், எக்ஸ்ரே அறைச் சுவரில் பதித்திருந்த தகடு இதெல்லாம் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிட்டத்தட்ட சுத்தமான ஈயம். காயலான் கடையில் வெறுமனே ஈயம் என்று கேட்காமல் காரீயம் என்று கேளுங்கள். வெள்ளீயம் வேறு உலோகம், விலையும் பல மடங்கு. பேட்டரியை மட்டும் உடைக்காதீர்கள். அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தகட்டை உருக்கினால் வரும் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன் என்ற வாயு கிளம்பலாம், அது ஆளையே சாய்த்துவிடும்.

இப்போது என் கதை. டயர் கடையில் ஒரு வாளி நிறைய எடை கிடைத்த சந்தோஷத்தில் எதையும் பிரிக்காமல் அப்படியே பாத்திரத்தில் கொட்டினேன். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். அதாவது சூட்டை அளவாக வைத்திருந்தால், வாளியில் கலந்திருந்த துத்தநாக எடைகளும் இரும்பு எடைகளும் உருகாமல் மேலே மிதந்திருக்கும், கரண்டியால் அள்ளி எறிந்திருக்கலாம். எனக்கோ அவசரம், அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டேன், துத்தநாகமும் உருகி ஈயத்தோடு கலந்துவிட்டது. கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக ஆயிற்று. அச்சில் ஊற்றினால் பாதியிலேயே உறைகிறது, குண்டில் கம்பி வளையம் நிற்கவேண்டிய இடத்தில் பொத்தல். ஏழு கிலோவும் வீண்.

அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு எடையையும் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்க்கவேண்டும், ஈயம் என்றால் பல் பதியும், துத்தநாகம் என்றால் வழுக்கும். சிமெண்ட் தரையில் போட்டால் ஈயம் தொப்பென்று விழும், மற்றது கணீரென்று கேட்கும். சிலதில் துத்தநாகத்துக்கு 'இசட் என்', இரும்புக்கு 'எஃப் ஈ' என்று எழுத்தே பொறித்திருக்கும். ஐரோப்பாவில் 2005லேயே காருக்கு ஈய எடையை நிறுத்திவிட்டார்கள், அதனால் புதிய வண்டிகளின் வாளியில் ஈயம் கம்மி, பழைய வண்டிகள் வரும் கடையாகப் பிடியுங்கள்.

ஈயம் விஷமாயிற்றே என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். தெரியும். வெட்டவெளியில்தான் உருக்குகிறேன், அந்தப் பாத்திரம் சமையலறைப் பக்கமே போகாது, குழந்தைகளைக் கிட்டவே விடுவதில்லை, கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்து முகத்தில் தெறிக்கும், ஆகவே நனைந்த எடையை உள்ளே போடாதீர்கள். பிரிட்டனில் 1987லிருந்து சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை, அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்தன என்று. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

ஈயம்கூட எப்படியாவது கிடைத்துவிடும் சார், அச்சுதான் பிரச்சனை. என்னுடைய நல்ல அலுமினிய அச்சை ஒரு நண்பர் இரண்டே நாள் என்று வாங்கிப்போனார். எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் கேட்டேன், அந்த அச்சில் வார்த்த குண்டுகளையே பையில் போட்டு நீட்டி, "உங்களுக்குன்னா விலை குறைச்சுத் தரேன்" என்கிறார்.