கதவு தொங்குதா? முதல்ல இழைப்புளியை உள்ள வைக்கச் சொல்லுங்க

"பெட்ரூம் கதவு தொங்கிப் போய் பூட்டுப் பக்கம் கீழ தரையை உரசுது, மேல நிலையில இடிக்குது. கார்பெண்டர் அடியில அரை இன்ச் இழைச்சா போதும்ங்கறார், அவரைக் கூட்டிட்டு வந்தவர் கதவே போச்சு, புதுசு போடலாம்ங்கறார். யார் சொல்றதைக் கேக்குறது?"னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

ரெண்டு பேர் சொல்றதையும் கேக்காதீங்க. மேல் கீலைப் பாருங்க. கதவோட எடை மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ் கீலை நிலையோட சேர்த்து அமுக்கும், அதனால முதல்ல லூஸாகுறது பெரும்பாலும் மேல இருக்கறதுதான். கதவைப் பாதி திறந்து கைப்பிடியைப் பிடிச்சு மெதுவா மேல தூக்குங்க, வீட்ல இன்னொருத்தரை மேல் கீலையே உத்துப் பாக்கச் சொல்லுங்க. தகடு நிலையை விட்டு விலகி விலகி ஒட்டுச்சுன்னா ஸ்க்ரூ பிடிக்கல. தகடு அசையாம நடுக்கம்பி மட்டும் லொடலொடன்னு ஆடுச்சுன்னா கீல் தேஞ்சு போச்சு, அதே அளவுல வேற கீல் மாத்திடுங்க, அவ்வளவுதான்.

பெரும்பாலும் ஸ்க்ரூதான். ஏன்னு கேட்டீங்கன்னா, ஒரு கதவுக்கு இவ்வளவுன்னு எண்ணிக்கைக் கணக்குல வேலை குடுத்தா மாட்டுறவர் என்ன பண்ணுவார், ஸ்க்ரூவை சுத்தியலால முக்கால்வாசி அடிச்சு இறக்கிட்டு கடைசி ரெண்டு சுத்து மட்டும் பேருக்குத் திருப்பிட்டு அடுத்த கதவுக்குப் போயிடுவார், அப்படி அடிச்ச ஸ்க்ரூ மரத்துல மரையே போடாது, நார் நாராக் கிழிச்சுட்டு உள்ள உக்காந்திருக்கும். மேற்பார்வைன்னு ஒருத்தர் தினமும் வந்து நின்னுட்டுத்தான் போறார், எதைப் பாத்தாரோ!

சரி பண்றதுக்குக் கதவைக் கழட்டவே வேணாம். பூட்டுப் பக்கம் அடியில மர ஆப்பு, இல்லன்னா மடிச்ச அட்டை சொருகி கதவை நேரா நிக்கற அளவுக்குத் தூக்கிக்கோங்க. மேல் கீல்ல ஒவ்வொரு ஸ்க்ரூவா கழட்டுங்க, மொத்தமா கழட்டிடாதீங்க, கதவு மேல விழும். ஓட்டைக்குள்ள மரப்பசை விட்டு, மருந்து நுனியைக் கிள்ளிப் போட்ட தீக்குச்சிங்களை இறுக்கமா அடைச்சு, வெளிய நீட்டிட்டிருக்கறதை வெட்டிட்டு ஒரு நாள் காய விடுங்க. அப்புறம் ஸ்க்ரூவை விட மெலிசான பிட்ல சின்னதா ஓட்டை போட்டு, மெழுகுல ஒரு தடவு தடவி, கையால திருப்புங்க. நிலைக் கட்டை தடிமனா இருந்தா பழைய ஸ்க்ரூவை விட நீளமானது, 50 மில்லிமீட்டர் அளவுல, அந்தப் பக்கம் போட்டா இன்னும் நல்லது. கீல் இறுகின பிறகும் லேசா உரசுனா கீழ் கீலோட தகடுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு அட்டை வைங்க, பூட்டுப் பக்கம் கொஞ்சம் மேல ஏறும்.

இழைக்கறதுக்கு ஏன் இவ்வளவு குதிக்கிறேன்னா, கீல் லூஸா இருக்கும்போது எவ்வளவு இழைச்சாலும் கதவு இன்னும் இறங்கும், மறுபடி இழைப்பாங்க. அப்புறம் என்னைக்காவது கீலை இறுக்குனா கதவு மேல ஏறி அடியில பூனை நுழையற சந்து இருக்கும், உடனே "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே, புதுசு போடுங்க"ம்பாங்க. கதவு கடைக்கும் கூட்டிட்டு வந்தவருக்கும் என்ன உடன்பாடுன்னு நான் சொல்லித் தெரியணுமா?

ஒண்ணே ஒண்ணு, மழைக்காலத்துல உரசுறது வேற கதை. மரம் ஈரத்துல உப்பும், அப்போ ஒரு மூலை மட்டும் இல்லாம பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி இறுகும், தூக்கிப் பாத்தா கீல் அசையாது. உங்க கதவு மூலையிலதான் இடிக்குது, அதனால இது அது இல்ல, ஆனா ரெண்டையும் குழப்பிட்டு மழையில இழைச்சுத் தள்ளிட்டு வெயில் வந்ததும் கதவு சட்டத்துல கலகலன்னு ஆடுதேன்னு கூப்பிடறவங்க நிறைய. உப்பின கதவுன்னா வெயில் காலம் வரைக்கும் பொறுங்க, அப்பவும் உரசுனா மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தேய்ச்ச இடத்துல பெயின்ட்டோ வார்னிஷோ கட்டாயம் அடிங்க. வெறும் மரமா விட்டா அடுத்த மழைக்கு அங்கதான் ஈரம் ஏறும்.

கதவு நேரானதும் பூட்டு நாக்கு ஓட்டையில விழாம மேல தட்டலாம், பயப்படாதீங்க. கதவு தொங்குன காலத்துல யாரோ நிலையில அந்த ஓட்டை இருக்கற தகடைக் கீழ இறக்கி வச்சிருப்பாங்க, பழைய இடத்துக்கே ஏத்திடுங்க. கதவுக்குப் பின்னாடி கொக்கியில தொங்குற துணி மூட்டையையும் கொஞ்சம் வேற இடம் பாத்து மாட்டுங்க.