பதுங்குகுழிகளைத் தகர்க்கும் புதிய அணுகுண்டுத் திட்டத்தை விஞ்ஞானிகள் ஏன் எதிர்த்தார்கள்?

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில், நிலத்தைத் துளைத்துச் சென்று ஆழத்திலுள்ள பதுங்குகுழிகளைத் தகர்க்கும் அணுகுண்டுக்கான ஆய்வை அமெரிக்கா தொடங்கியது. மண்ணுக்குள் வெடிப்பதால் வெளியே சேதம் குறையும் என்ற வாதத்துக்கு இயற்பியல் இடம் தரவில்லை. குண்டின் உறை எவ்வளவு உறுதியானதானாலும் கடும் பாறையில் சில மீட்டருக்கு மேல் சிதையாமல் இறங்காது. வெடிப்பை அடக்கி வைக்கவோ அதைப்போலப் பல மடங்கு ஆழம் வேண்டும். 1962 ஜூலையில் நெவாடாவில் நடந்த ‘செடான்’ சோதனையில் 104 கிலோடன் (1,04,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான) குண்டை 194 மீட்டர் ஆழத்தில் புதைத்து வெடித்தபோதும், ஏறத்தாழ 1.2 கோடி டன் மண் பெயர்ந்து, சுமார் 390 மீட்டர் அகலப் பள்ளம் விழுந்து, கதிரியக்கத் தூசு பல மாநிலங்களைக் கடந்து சென்றது.

மக்கள் நெருக்கமுள்ள நகரத்தில் இத்தகைய குண்டைப் பயன்படுத்தினால், அதன் வலிமையைப் பொறுத்து, பாதிக்கப்படுவோர் சில ஆயிரம் முதல் பத்து லட்சத்துக்கு மேலும் இருக்கலாம் என்று அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2005இல் கணித்தது.

அரசியல் எதிர்ப்பு எதிர்க்கட்சியிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதே என் பார்வையில் முக்கியமானது. ஆளும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டேவிட் ஹாப்சன், அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுத் தலைவராக இருந்துகொண்டே இதை எதிர்த்தார்; 2005 அக்டோபரில் நிதிக் கோரிக்கை கைவிடப்பட்டது.