அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள், அம்மா

சனிக்கிழமை என் எதிரில் உட்கார்ந்து அழுதீர்கள். மகளுக்கு சிஇடி நுழைவுத் தேர்வில் ரேங்க் தள்ளிப் போய்விட்டது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு நாலு வருடத்துக்கு 20 லட்சம் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும் என்றீர்கள். அன்று 'பதறாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துப் பார்த்தால் அது போதாது. நீங்கள் சம்மதித்தபடி, பெயர் சொல்லாமல், மற்ற பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முன்பணத்தைக் கட்டாதீர்கள். அதற்காகத் திருப்பத்தூர் நிலத்தை விற்காதீர்கள், மீதிக்குக் கடனும் வாங்காதீர்கள். உங்கள் கணவர் ஓய்வு பெற இன்னும் 6 வருடம்தான் இருக்கிறது. மகள் படித்து முடிக்கவே 4 வருடம் ஆகும். மிச்சக் கடனை யார் கட்டுவது? 'கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தால் கேம்பஸிலேயே வேலை' என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சொல்லும் உங்கள் அண்ணன் அந்த மாதத் தவணையைக் கட்டப் போவதில்லை. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சுமை அவருடையது அல்ல.

அன்று உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் அரை மணி நேரம் பேசினேன். கோடிங் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். பாட்டியின் சுகர் மெஷின் பேச்சு வந்ததும் முகமே மாறிவிட்டது. போனில் ஒரு படம் காட்டினாள்.

உங்கள் அண்ணன் வாங்கி வந்த மெஷின் அது. முதல் நாள் 7 என்று காட்டியதும், சுகர் அடியோடு இறங்கிவிட்டது என்று பயந்து பாட்டி சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாராமே! இங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. ஆஸ்திரேலியாவில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். அங்கே 7 என்றால் நமக்கு 126. அதைக் கண்டுபிடித்து, ஒரு பிஸ்கட் அட்டையின் பின்பக்கத்தில் '18-ஆல் பெருக்கு' என்று எழுதியிருக்கிறாள். பாட்டிக்குப் பெருக்க வராது என்று தெரிந்து 5-க்கு 90, 7-க்கு 126, 10-க்கு 180 என்று பட்டியலும் போட்டிருக்கிறாள். கூட வந்த புத்தகத்தில் ஸ்ட்ரிப்பைச் சொருகுவதுதான் முதல் வேலை. பாட்டி சொருகிவிட்டுக் கை கழுவி வருவதற்குள் மெஷின் அணைந்துவிடுமாம். அதனால் 'கையைக் கழுவி ஈரம் போகத் துடை' என்பதை முதல் வரியாக மாற்றிவிட்டாள். கீழ்வீட்டுக் கன்னட ஆன்ட்டி கேட்டதும் அவருக்கும் ஒரு அட்டை, கன்னடத்தில். பாட்டிக்கு உரிமையோடு 'துடை' என்றவள், அந்த ஆன்ட்டிக்கு மரியாதையாக எழுதியிருக்கிறாள்.

அம்மா, இதைத்தான் டெக்னிக்கல் ரைட்டிங் என்கிறார்கள். அதை வேறு நாட்டுக்கும் மொழிக்கும் பொருந்தச் செய்வது லோக்கலைசேஷன். இரண்டுக்கும் பெங்களூரில் வேலை இருக்கிறது. மென்பொருள், மருத்துவக் கருவி, விமானப் பாகம் என்று எதை விற்றாலும் யாராவது ஒருவர் கையேடு எழுதியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24 ஆட்சி மொழிகள். அங்கே மருத்துவக் கருவி விற்பவர், எந்த நாட்டில் விற்கிறாரோ அந்த நாடு கேட்கும் மொழியில் குறிப்பு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மூல ஆங்கிலம் குழம்பியிருந்தால் அத்தனை மொழியிலும் குழப்பம்தான். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே எஸ்டிஇ என்றொரு கட்டுப்படுத்திய ஆங்கிலம் உண்டு. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது. 'குளோஸ்' என்றால் மூடு என்று மட்டும்தான் பொருள். 'அருகில்' என்று சொல்ல அந்தச் சொல்லைப் போடக்கூடாது, 'நியர்' என்றே எழுத வேண்டும்.

சொல் சரியாக இருந்தாலும் பழக்கம் இடறும். நாம் கேள்வி கேட்பதைச் 'சந்தேகம் கேட்பது' என்கிறோம். அதே நினைப்பில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று அமெரிக்கருக்கு எழுதினால், தன் பேச்சை நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ஜப்பானியர் 'ஹாய்' என்றால் பல நேரம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் பொருள், நாம் போனில் 'சரி, சரி' போடுவது மாதிரி. அதை ஒப்புதல் என்று நினைத்து வேலையைத் தொடங்கினால் கஷ்டம். ஜெர்மானியர் 1.500 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த அல்சூர்ப் பிள்ளைக்கு இந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது.

அவள் பிஏ ஆங்கிலம் என்கிறாள். சரி, அரசுக் கல்லூரியில் சேருங்கள். அங்கே கட்டணம் உங்களிடம் கேட்ட தொகைக்குப் பக்கத்திலேயே வராது. கூடவே ஜெர்மன். ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் மாக்ஸ் முல்லர் பவன் இந்திராநகர் சிஎம்எச் சாலையில்தான் இருக்கிறது, அல்சூரிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையம். தொடக்க நிலையான ஏ1, அடுத்து ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் பணம் கட்டிப் படிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் ஏ1-லேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்ஜினியரிங் சீட்டில் அப்படிப் பாதியில் இறங்க முடியாது. டெக்னிக்கல் ரைட்டிங்குக்குக் கூகுளின் இலவசப் பாடம் இணையத்தில் இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தமிழாக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்தால், வேலை கேட்டுப் போகும்போது காட்ட நாலு சாம்பிள் கையில் இருக்கும்.

மொழிபெயர்ப்பை இப்போது மெஷினே செய்கிறதே என்று அவள் அப்பா கேட்டார். உண்மைதான். சொல்லுக்கு இத்தனை காசு என்று மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையை நம்பி யாரையும் இதில் இறக்க மாட்டேன். ஆனால் பாட்டி எந்த இடத்தில் தடுமாறுவார் என்று பக்கத்தில் நின்று பார்த்து வரிசையை மாற்றியது அவள்தான். மெஷின் எழுதியதைத் திருத்தி, தப்பு வந்தால் பொறுப்பேற்கவும் ஆள் வேண்டும். தொடக்கச் சம்பளம் உங்கள் அண்ணன் சொல்லும் தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதையும் மறைக்கவில்லை. கடன் இல்லாத வீட்டில் அந்தச் சம்பளம் முழுசாக அவள் கையில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து போன் வந்தால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். அதற்கு முன்னால் அந்த இரண்டு அட்டைகளையும் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள். அவர் வாங்கிக் கொடுத்த மெஷின்தானே.