எண்டோஸ்கோப் பயிற்சியை அதிகம் மாற்றிய கண்டுபிடிப்பு எது? புதிய பயிற்சிக்கூடத்துக்கு முதலில் எதை வாங்கலாம்?

ஒன்றை மட்டும்தான் குறிப்பிட வேண்டும் என்றால், 1983இல் அமெரிக்காவின் வெல்ச் ஆலின் நிறுவனம் உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் குழாய்க் கருவியான எண்டோஸ்கோப்பின் நுனியில், ஒளியை மின்குறிகையாக மாற்றும் சிசிடி சென்சாரைப் பொருத்தி, உடலுக்குள் தெரிந்த காட்சியைத் திரைக்குக் கொண்டுவந்ததைச் சொல்வேன். பலர் ஒளியிழையைச் சொல்வார்கள்; நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அதுவே சரியான விடை. நீங்கள் கேட்டிருப்பது கற்பிப்பதைப் பற்றி என்பதால், பயிற்சி மருத்துவர்களுக்குக் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலை உள்ளிருந்து பார்க்கும் சோதனை) சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என் விடை வேறாக இருக்கிறது.

ஆனாலும் ஒளியிழையைப் பற்றிச் சொல்லாமல் கடந்துவிட முடியாது. ஹரோல்ட் ஹாப்கின்ஸும் நரிந்தர் சிங் கபானியும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இழைக்கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டி, அதை 1954இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். எனினும் வெற்றுக் கண்ணாடி இழைகள் ஒன்றையொன்று தொடும் இடத்திலெல்லாம் ஒளி ஓரிழையிலிருந்து அடுத்ததற்குக் கசிந்தது, படம் மங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லாரி கர்ட்டிஸ் 1956இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒளிவிலகல் எண் அதிகமான கண்ணாடித் தண்டை, ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி ஒரே இழையாக இழுத்தார். வெளியுறை கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டதால் ஒளி உள்ளேயே நின்றது. அதைக் கொண்டு பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் வளையும் இரைப்பை நோக்கியைத் தம் தொண்டைக்குள்ளேயே முதலில் செலுத்திப் பார்த்தார். லென்ஸ்கள் அடுக்கிய, பாதி மட்டுமே வளையும் பழைய குழாய்களுக்கு அதன் பிறகு வேலையில்லாமல் போயிற்று.

இத்தனைக்கும் பிறகும் பார்த்தவர் ஒருவரே. கண்வில்லையில் கண்ணை வைத்திருக்கும் மருத்துவர் காண்பதை அருகில் நிற்கும் மாணவர் காண முடியாது. கண்வில்லையோடு பக்கக்குழாய் ஒன்றை இணைத்து மாணவருக்கும் காட்டும் துணைக்கருவி இருந்தது. ஆனால் அது ஒளியை இரண்டாகப் பங்கிட்டுவிடும் என்பதால் இருவருக்குமே படம் இருண்டுவிடும். அறுந்த இழைகள் ஒவ்வொன்றும் படத்தில் கரும்புள்ளியாக நிற்பது வேறு. காட்சி திரைக்கு வந்த பிறகே, ‘அந்த மடிப்பின் பின்பக்கத்தைப் பார், கொஞ்சம் பின்னால் இழு’ என்று ஆசிரியர் அந்தக் கணத்திலேயே சொல்ல முடிந்தது. கம்பிக் கண்ணியான கண்ணிப்புரி கொண்டு, குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப்பை அறுக்கும்போது கம்பியை இறுக்கும் செவிலியரும் தாம் இறுக்குவது எதை என்பதைப் பார்க்கத் தொடங்கினார்.

திரை காட்டாத ஒன்றும் இருக்கிறது. கொலனோஸ்கோப்பியில் புதியவரைத் திணறடிப்பது பெரும்பாலும், பெருங்குடல் மலக்குடலைச் சேரும் முன் வளைந்து செல்லும் சிக்மாய்டு பகுதிதான். அங்கே குடல் எதனோடும் இறுகப் பிணைக்கப்படாமல் தளர்ந்து கிடப்பதால், கருவியைத் தள்ளத் தள்ள நுனி முன்னேறாமல் தண்டு வயிற்றுக்குள் வளையமாகப் புடைக்கிறது. நோயாளிக்கு வலி எடுக்கிறது. திரையிலோ படம் அசையாமல் நிற்கிறது, சில சமயம் பின்னோக்கியும் நகர்கிறது. அப்போது தள்ளுவதை விட்டுவிட்டு, தண்டை வலஞ்சுழியாகத் திருகியபடியே வெளியே இழுக்க வேண்டும். இழுத்தால் முன்னேறும் என்பதை வாயால் சொல்லி நம்பவைப்பது மிகவும் கடினம். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவான காந்தப்புலப் படமாக்கம் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. கருவியின் உள்ளே வரிசையாக அமைந்த சிறு சுருள்களின் இருப்பிடத்தைக் காந்தப்புலத்தின் மூலம் கண்டறிந்து, தண்டு வயிற்றுக்குள் எப்படி வளைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே இல்லாமலேயே இன்னொரு படமாகக் காட்டுகிறது. தாம் திருகி இழுக்கையில் வளையம் நேராவதைக் கண்ணால் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

சிமுலேட்டர்களைப் பொறுத்தவரை என் கருத்து கலவையானது. வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையான லேப்ராஸ்கோப்பியில் கருவி வயிற்றுச் சுவரில் உள்ள துளையை ஊன்றுபுள்ளியாகக் கொண்டு திரும்புவதால், கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். இந்தத் தலைகீழ் அசைவைப் பழக ஒரு பெட்டி, ஒரு கேமரா, சில முளைகள் போதும். ஒரு கையால் வளையத்தை முளையிலிருந்து எடுத்து, அந்தரத்திலேயே மறுகைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் போடுவதுதான் பயிற்சி. பார்க்க விளையாட்டுபோல் இருந்தாலும் கை நடுக்கத்தையும் ஆழத்தைத் தவறாகக் கணிப்பதையும் உடனே வெளிக்காட்டிவிடும். கணினித் திரையில் பழகும் மெய்நிகர் சிமுலேட்டர்களுக்கும் சான்று இல்லாமல் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். அப்பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ செய்யும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டும் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்துப் பயிற்சி தரப்படவில்லை, தேர்ந்த அறுவை மருத்துவர்கள் எட்டிய அளவை எட்டும்வரை தரப்பட்டது. பலனில் பெரும்பங்கு அந்த விதிக்கு உரியது என்றே நினைக்கிறேன்.

வளையும் எண்டோஸ்கோப்புக்கான மெய்நிகர் சிமுலேட்டர்களில் படம் நன்றாகவே இருக்கிறது. நுனியைத் திருப்பும் சுழல்பிடிகளை விரல்கள் பழகவும், நுனியைக் குழாயின் நடுவே வைத்திருக்கவும் அவை உதவுகின்றன. ஆனால் குடல் இழுபடும்போது கையில் தெரியும் எதிர்ப்பு அவற்றில் இன்னும் செயற்கையாகவே இருக்கிறது. வளையத்தை அவிழ்க்க அவற்றில் பழகியவர்கள் நோயாளியிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதைப் பார்க்கிறேன். ரத்தக்கசிவை நிறுத்துவது போன்ற சிகிச்சை முறைகளுக்கு, ஜெர்மனியின் எர்லாங்கனில் 1990களில் வடிவமைத்த, கழுவிய பன்றி இரைப்பையைப் பொருத்திப் பழகும் மாதிரியே எனக்கு உண்மைக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. துர்நாற்றமும் சுத்தம் செய்யும் வேலையும் கூடவே வரும் என்பதால் கூடத்தில் அதற்கென்று தனி எண்டோஸ்கோப் ஒதுக்க வேண்டும். நோயாளிகளுக்குப் பயன்படும் கருவியை அதில் செலுத்தக் கூடாது.

ஆகவே பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், முதலில் பெட்டிப் பயிற்சிக் கருவிகளை ஒன்றுக்கு மேல் வாங்குங்கள். அடுத்து, வளையம் விழக்கூடிய ரப்பர் குடல் மாதிரியும், அதனோடு பயன்படுத்தக் காந்தப்புலப் படமாக்கம் கொண்ட எண்டோஸ்கோப்பும். மெய்நிகர் சிமுலேட்டரை மூன்றாவதாக வைக்கலாம். வாங்கும் முன், அனுபவம் மிக்க ஒருவரையும் புதியவர் ஒருவரையும் அதில் உட்காரவைத்து மதிப்பெண்ணைப் பாருங்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வந்தால் அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.