சனியும் சுனாமியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் குளச்சல் பக்கம். எங்கள் வீட்டில் இப்போது சாப்பிட உட்கார்ந்தாலே இந்தச் சண்டைதான். 2025 மார்ச் 29 அன்று மீனத்தில் ஆறு கிரகம் சேர்ந்தது, முந்தின நாளே மியான்மரில் 7.7 அளவுக்கு நிலநடுக்கம். 2004 சுனாமி வந்ததும் பௌர்ணமி அன்றுதான். “இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்கிறார் மாமா. அடுத்த சேர்க்கை எப்போது என்று பார்த்து வைத்து, அன்று கடலுக்குப் போகக்கூடாது என்று தம்பியிடமும் சொல்லிவிட்டார். நான் இயற்பியல் படித்தவள். ஆனாலும் அவரிடம் பேசும்போது வாயடைத்துப் போகிறேன். தூரத்துக் கிரகங்களுக்கு அப்படி ஏதும் சக்தி உண்டா?

ப., குளச்சல்

அன்புள்ள ப.,

மாமா சொல்வதில் நிலாவை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடலாம். அதில் விஷயம் இருக்கிறது. வாவுக்கு வாவு, அதாவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், கடல் வெள்ளம் ஏறுவது உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கடலை அப்படி ஏற்றுவது வெறும் ஈர்ப்பு அல்ல. பூமியின் இந்தப் பக்கத்தை இழுப்பதற்கும் அந்தப் பக்கத்தை இழுப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம். தூரம் இரண்டு மடங்கானால் அந்த வித்தியாசம் எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் அத்தனை பெரிய சூரியனின் பங்கே நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. வெள்ளி நமக்கு மிக அருகில் வரும்போது அதன் பங்கு நிலாவினுடையதில் பதினெட்டாயிரத்தில் ஒன்று. நிலா கடலை ஒரு மீட்டர் தூக்குகிறது என்று வைத்துக்கொண்டால், வெள்ளி தூக்குவது ஒரு தலைமுடியின் கனம். வியாழன் இன்னும் பத்தில் ஒரு பங்கு. சனியோ அந்த மார்ச் 29 அன்று சூரியனுக்கும் அந்தப் பக்கம் இருந்தது. அதன் பங்கு கிட்டத்தட்ட கோடியில் ஒன்று.

அந்த ஆறு பேர் யார் என்றும் பாருங்கள். சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி, ராகு. ராகு ஒரு பொருளே அல்ல, நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. சூரியனும் சந்திரனும் சேர்ந்தால் அமாவாசை, அது மாதாமாதம் வருகிறது. இன்னொன்று. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குள் நுழைந்த சனிப்பெயர்ச்சி அன்றைக்கு. திருநள்ளாற்றில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில். எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து பூமி குலுங்கியது என்று மாமாவிடம் கேளுங்கள். (மெதுவாகக் கேளுங்கள், சாப்பாட்டு நேரம்.)

ஏழுக்கு மேற்பட்ட நிலநடுக்கம் உலகத்தில் ஆண்டுக்குப் பதினைந்து வாக்கில் வருகிறது. எந்தத் தேதியைச் சொன்னாலும் பக்கத்தில் ஒன்று அகப்படும். 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டுக் கிரகம் சேர்ந்தபோது உலகம் அழியப் போகிறது என்று நாடெங்கும் யாகம் நடத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1982-இல் கிரகங்கள் சூரியனுக்கு ஒரே பக்கமாகத் திரளும்போது கலிபோர்னியா குலுங்கும் என்று இருவர் புத்தகமே போட்டார்கள். குலுங்கவில்லை.

நிலாவுக்காவது நிலநடுக்கத்தில் கை உண்டா? 2016-இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓத விசை (கடலை ஏற்றி இறக்கும் அந்த இழுப்பு) கூடிய நாட்களில் தொடங்கும் நடுக்கம் பெரிதாக வளரும் வாய்ப்பு சற்று அதிகம் என்றார்கள். 2018-இல் அமெரிக்க நில அதிர்வியலாளர் சூசன் ஹஃப், எட்டும் அதற்கு மேலுமான 204 நிலநடுக்கங்களை எடுத்து, அவை ஆண்டின் குறிப்பிட்ட நாட்களிலோ நிலாவின் குறிப்பிட்ட கட்டத்திலோ கூடுகின்றனவா என்று பார்த்தார். அவர் கட்டுரையின் சுருக்கம் முழுவதும் ஒரே சொல்: இல்லை.

2004 டிசம்பர் 26-க்கு வருவோம். இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சுமத்ராவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நூற்றாண்டுகளாக அங்கே சேர்ந்த இறுக்கம் அன்று காலை ஆறரை மணிக்கு 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு விட்டுக்கொடுத்தது. அலை கிழக்கிலிருந்து வந்தது. உங்கள் ஊர் மேற்கே பார்த்த ஊர். இலங்கையைச் சுற்றி வளைந்து, குமரிமுனையையும் தாண்டித் திரும்பி வந்துதான் கொட்டில்பாட்டையும் குளச்சலையும் அடித்தது. மாவட்டத்தில் சுமார் 800 பேர் போனார்கள். நம் கரையில் வாவு நாளிலும் வெள்ளம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். அந்த அலைக்கு முன்னால் அது ஒரு கணக்கா?

மாமா மனம் நோகாமல் இருக்க ஒன்று சொல்லலாம். வியாழனும் வெள்ளியும் சேர்ந்து இழுப்பதால் பூமியின் பாதை கொஞ்சம் நீண்டும் குறுகியும் மாறுகிறது, அது தட்பவெப்பத்தையும் தொடுகிறது. ஆனால் ஒரு சுற்றுக்கு 4,05,000 ஆண்டு ஆகும். தம்பி அதற்காக வள்ளத்தைக் கரையில் ஏற்ற வேண்டியதில்லை.

அவன் பார்க்க வேண்டிய தூரம் வேறு. 2024 மே 6 அன்று ராஜாக்கமங்கலம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. இங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை. ஏப்ரல் கடைசியில் தென் அட்லாண்டிக்கிலிருந்து தென்னிந்தியப் பெருங்கடலுக்குள் வந்த ஒரு தாழ்வு மண்டலம் கிளப்பிய அலைகள், நாள்கணக்காக ஓடி நம் கரைக்கு வந்து சேர்ந்தன. அமாவாசையும் நெருங்கியிருந்தது. நம்மவர்கள் கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அப்போது முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்த அறிவிப்பு தம்பியின் போனுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள்.